மின்பேருந்தும் தானியங்கி மின்னேற்றமும்
(உரை)

அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர். 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அந்நகரை ஒட்டிய டாலிகஞ்சிலும் அட்டம்பஹாடிலும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் மொத்தம் 20 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையங்களை நிறுவியுள்ளது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டிப் பெயர் பெற்ற நிறுவனம், கடல் கடந்து வந்து கதிரொளியிலிருந்து மின்சாரம் எடுப்பது சுவையான செய்தியே. மேகம் மறைக்குங்கால் மின்னோட்டம் தடுமாறாதிருக்க 8 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியும் உடன் உண்டு.

இந்நகரில் மின்பேருந்துகளும் ஓடுகின்றன. மனிதக் கை படாமல் அவற்றிற்கு மின்னேற்றுவது இயலுமா, தேவைதானா என்னும் வினா எழுகிறது.

இயலும் என்பதில் ஐயமில்லை. ஜெனீவாவில் 2013ஆம் ஆண்டில் சோதிக்கப்பட்ட முறையில், பயணிகள் ஏறி இறங்கும் சில வினாடிகளுக்குள் பேருந்தின் கூரையிலுள்ள கை தானே மேலெழுந்து மின்சாரம் பெற்றுக்கொள்ளும். ஆயின், இரவெல்லாம் பணிமனையில் நிற்கும் பேருந்துக்கு இத்தகைய விரைவு எதற்கு? ஓர் ஊழியர் கம்பிவடத்தைச் செருக ஒரு நிமிடம் போதும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் இடத்தில், நுட்பமான இயந்திரக் கை பழுதுற்றால் உதிரி உறுப்பு கப்பலேறி வரவேண்டும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. இந்தியப் பெருநிலத்தின் மின்வலையோடு இத்தீவுகளுக்கு இணைப்பில்லை. கதிரவன் மறைந்தபின் இங்கு மின்சாரம் பெரும்பாலும் டீசலில் பிறக்கிறது. அவையோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் பேருந்துக்கு ஏறத்தாழ 150 யூனிட் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை யூனிட் கிடைப்பதாகக் கொண்டால் 43 லிட்டர் செலவாகும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்துக்கோ 38 லிட்டரே போதும்! இரவில் மின்னேற்றினால் புகை நகர வீதியை விட்டு மின் நிலையத்திற்கு இடம்பெயர்கிறது, எரிபொருள் மிச்சமாவதில்லை.

எனவே, எப்போது மின்னேற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாடே இங்கு இன்றியமையாத தானியங்கி முறை. சூரிய மின்சாரம் மிகும்போது ஏற்றுதல், மேகம் சூழும்போது குறைத்தல், மாலை உச்சத் தேவையின்போது அடியோடு நிறுத்துதல் ஆகியவை அதன் பணிகள். இருபது பேருந்துகள் தலா 50 கிலோவாட் வீதம் ஒரே நேரத்தில் ஏற்றத் தொடங்கினால் 1 மெகாவாட் சுமை திடீரென விழும். சிறிய மின்வலைக்கு இது பொருட்படுத்தத்தக்கதே. வினாடிக்கு வினாடி மாறும் மேகத்தைக் கவனித்து இச்சுமையைப் பகிர்ந்தளிக்க ஊழியரால் இயலாது, கருவியால் இயலும்.

மைய அரசு 2023இல் திருத்திய விதிகள், பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்திற்குக் கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்கவேண்டும் என்கின்றன. கருவியை வாங்குவது எளிது. நண்பகலில் பேருந்துகளை அணி அணியாகப் பணிமனைக்குத் திருப்ப, கால அட்டவணையையும் ஓட்டுநர்களின் பணிமுறையையும் மாற்றியமைக்க வேண்டும். மாதக்கணக்கில் நீடிக்கும் மழைப் பருவத்துக்குத் தனி அட்டவணையும் வேண்டும். அவ்வேலை மின்துறையும் போக்குவரத்துத் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டியது.