பழைய ஜீப்பும் வீட்டுப் பழுதுபார்ப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இலக்கியம் மணக்கும் இம்மேடையில் கிரீஸ் மணக்கும் செய்தியொன்றைக் கொணர்ந்தமைக்குப் பொறுத்தருள்க. ரயில்வே எழுத்தர்களாகிய எங்களுக்குத் தெரிந்ததைத்தானே நாங்கள் பேச இயலும்!

மல்லேஸ்வரத்தில் நம் காலனியார் நான்கு குடும்பத்தினர் கூடி வாங்கிய பழைய பெட்ரோல் ஜீப்பை யாவரும் அறிவீர்கள். பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினரன்றோ, அவ்வழி வந்த வண்டி அது.

சென்ற மழைக்காலத்து ஞாயிறொன்றில் அதன் பின்சக்கரத்தைக் கழற்றினோம். கைப்பிரேக் இழுத்திருக்கிறதே என்று அடைகல் வைத்தோமில்லை. வண்டி முன்னே நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி மண்ணில் அமர்ந்தது. அடியிற் படுத்து விளக்குப் பிடித்திருந்த சிறுவன், தாயார் காப்பிக்கு அழைத்தமையால், அப்பொழுதுதான் எழுந்து சென்றிருந்தான்.

காரணத்தைப் பின்னரே உணர்ந்தோம். இவ்வகைப் பழைய ஜீப்பில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதன்று. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னே, பின் அச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிப்பது. ஒரு பின்சக்கரம் தரையை விட்டெழுந்ததும், டிஃபரன்ஷியலின் இயல்பால், எழுந்த சக்கரம் ஒருபுறமும் தரையிலுள்ளது மறுபுறமும் உருளத் தலைப்படும். தண்டு அசையாது; வண்டியோ அசைந்துவிடும்! ஆதலால் சமதரையில் நிறுத்தி, எஞ்சிய சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைகல் இட்டு, நான்கு சக்கர இயக்கத்தையும் கியரையும் பூட்டிய பின்பே ஜாக்கியைத் தொடுதல் வேண்டும். தூக்கியபின் அச்சுக்கடியில் உறுதியான தாங்கியும் வேண்டும். செங்கல் ஆகாது, பாரத்தில் நொறுங்கும்.

நட்டுகளைச் சக்கரம் தரையிலிருக்கும்போதே தளர்த்துக. அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பழைய வில்லிஸ் வகையில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடஞ்சுழித் திருகு. கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதறியாது இரண்டு ஸ்டட்டுகளை முறித்தோம். ஜே.சி. ரோட்டுக் கடைக்காரர் நகைத்துக்கொண்டே புதியன தந்தார்.

பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கடியில் உள்ளமையால் வீட்டில் வெல்டிங் கூடாது. பேட்டரியைக் கழற்றுகையில் வண்டி உடலோடு இணைந்த கம்பியை முதலில் எடுக்க. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். தூசியை ஊதாது, ஈரத்துணியால் ஒற்றியெடுக்க.

ஜாக்கி இப்பொழுது அச்சிறுவனின் தாயார் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அடைகற்களைத் தாமே வந்து பார்த்த பின்னரே அதை எங்களிடம் தருகிறார்.