பியோனிப் பூவும் பழைய வைத்தியமும்

(பழைய மாணவிகள் சங்கக் கனடாக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் சார்பில் பேசும்படி கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரோல் என்று தொடங்கப் போகிறோம் என நினைத்துச் சிலர் இப்போதே தேநீர் மேசையைப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நாங்கள் ஒரு பூவைப் பற்றிக் கதைக்கப் போகிறோம்.

யூன் மாதத்தில் ரொறன்ரோவின் பழைய தெருக்களில் நடந்தால், வீட்டு வாசல்களில் ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூத்துத் தலை கவிழ்ந்து நிற்குமே, அதுதான் பியோனி. ஒஷாவா நகரத் தாவரப் பூங்காவில் அதற்கென்று ஒரு விழாவே நடக்கிறது. மெல்போனை அடுத்த மலைப்பகுதிகளில் இருக்கும் எங்கள் தோழிகளுக்கு அது நவம்பர்ப் பூ. ஊரில் இருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டாம். பல வாரக் கடுங்குளிர் இல்லாவிட்டால் இந்தச் செடி மொட்டு வைக்காது. எங்கள் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் இங்கே பனியில் படுகிற பாட்டை, பியோனி அங்கே வெயிலில் படும்.

தோட்டங்களில் இரண்டு வகையைப் பெரும்பாலும் காணலாம். ஒன்று தென் ஐரோப்பாவைச் சேர்ந்தது. மற்றது சீனா, சைபீரியாப் பக்கம் இருந்து வந்தது. ஐரோப்பிய வகைதான் முதலில் பூக்கும். அதன் அடுக்குச் சிவப்புப் பூ, பழைய ஆங்கிலக் குடிசைத் தோட்டங்களின் பூ. சீன வகையைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கான புது இனங்களை உண்டாக்கினார்கள். 1851இல் வந்த 'பெஸ்ரிவா மக்சிமா' என்ற வெள்ளைப் பூவும், 1906இல் வந்த 'சாரா பேர்ன்ஹார்ட்' என்ற இளஞ்சிவப்புப் பூவும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன. எங்கள் சங்கத்தைவிட வயது கூடிய இனங்கள் அவை.

நட விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். இலையுதிர் காலத்தில் நடுங்கள். கிழங்கு வேரில் மூன்று முதல் ஐந்து கண்கள் இருக்க வேண்டும். அந்தக் கண்கள் மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. நல்ல செழிப்பான செடி, ஆனால் பூக்கவில்லை என்று முறையிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆழமாக நட்டவர்கள், அல்லது நிழலில் நட்டவர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியால வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக்கூடாது. முதல் இரண்டு வருடம் பொறுத்திருங்கள். மூன்றாம் வருடமளவில் சரியாகப் பூக்கும். பிறகு ஐம்பது வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் நிற்கும். மொட்டில் எறும்பு மொய்த்தால் மருந்து அடிக்க வேண்டாம். மொட்டின் வெளிப்புறத்தில் கசியும் தேனுக்காக வருகின்றன, கெடுதல் செய்வதில்லை. எறும்பு இல்லாவிட்டால் மொட்டு விரியாது என்பதும் வெறும் கதை. இலையுதிர் காலத்தில் தண்டுகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். பூஞ்சண நோய் அவற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

பியோனியை இடம் மாற்றினால் செத்துவிடும் என்றும் சொல்வார்கள். அது அரை உண்மை. காலம் பார்த்து, கண்களோடு பிரித்து நட்டால் பிழைக்கும். ஓரிரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இனி வைத்தியர்கள் ஏன் இந்தப் பூவைப் பிடித்தோம் என்பதற்கு வருவோம். பியோனி என்ற பெயரே ஒரு வைத்தியருடையது. கிரேக்கக் கதைகளில் தேவர்களின் காயத்தைக் குணமாக்குகிறவர் பேயோன். அவர் பெயரைத்தான் இந்தச் செடிக்கு வைத்தார்கள். ஐரோப்பிய மடாலயங்களில் இதை அழகுக்காக அல்ல, மருந்துக்காகவே வளர்த்தார்கள். வேரைப் பகலில் தோண்டினால் மரங்கொத்தி பார்த்துவிடும், தோண்டுகிறவரின் கண் போய்விடும் என்று வேர் பிடுங்குகிறவர்கள் பயமுறுத்தினார்களாம். 2300 வருடங்களுக்கு முன்பே தியோபிராஸ்டஸ் அதைப் பதிந்துவிட்டு, இது மிகையான கதை என்றும் எழுதி வைத்தார்.

அந்த வேரை எதற்குக் கட்டினார்கள் தெரியுமா? வலிப்புக்கு. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற பெரிய வைத்தியர், கழுத்தில் பியோனி வேர் கட்டிய ஒரு சிறுவனுக்கு எட்டு மாதம் வலிப்பு வரவில்லை என்றும், வேர் விழுந்ததும் வலிப்பு வந்தது என்றும் எழுதினார். அவர் அதைத் தாமே கழற்றியும் கட்டியும் பார்த்தார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஆனால் வலிப்பு தானாக வந்து தானாக நின்றுபோகும் நோய். ஒரு பிள்ளையை வைத்து முடிவு சொல்ல முடியாது. அவருடைய பெயரின் கனத்தால் அந்த வேர் மேலும் பல நூற்றாண்டுகள் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கியது.

சிரிக்க வேண்டாம். எங்கள் ஊரில் வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிறோம். நூல் கட்டுகிறோம். இவற்றைவிடப் பெரிய கெடுதல், மறைப்பது. பெண்பிள்ளைக்கு வலிப்பு என்றால் வெளியே சொல்வதில்லை; கலியாணம் குழம்பும் என்ற பயம். மாப்பிள்ளை வீட்டில் தெரியாமலிருக்க மருந்தை நிறுத்துகிற பெண்களை, கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வேலை செய்யும் நாங்கள் எல்லோருமே கண்டிருக்கிறோம். திடீரென்று மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. படிக்கலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் வல்புரோயேற் போன்ற சில மருந்துகள் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பமாவதற்கு முன்பே வைத்தியரோடு கதைத்து மாற்ற வேண்டும். மறைத்து வைத்தால் அந்தக் கதைக்கு எங்கே இடம்?

யாருக்காவது வலிப்பு வந்தால் இதைச் செய்யுங்கள். பக்கத்தில் உள்ள கூரான, கடினமான பொருட்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே மெதுவானது ஏதாவது வையுங்கள். கழுத்து உடையைத் தளர்த்துங்கள். வலிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கை கால்களை அமத்திப் பிடிக்க வேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தால், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இலங்கையில் 1990, கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000. முதல்முறை வந்த வலிப்பு என்றாலும் கர்ப்பிணி என்றாலும் காத்திருக்கவே வேண்டாம்.

பியோனி வேர் இன்றைக்கும் சீன வைத்தியத்தில் உண்டு, குளிசையாகவும் விற்கிறார்கள். வேறு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம். தோட்டத்துச் செடியைப் பிடுங்கிக் கசாயம் வைக்கவும் வேண்டாம். வயிற்றைக் கலக்கும்.

வாசலில் நட்டு, யூனில் பூத்ததும் ஒன்றை வெட்டிப் பழைய வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வீட்டில் வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால், அதைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். கல்லூரி எங்களுக்கு ஒருவரோடு ஒருவர் கதைக்கச் சொல்லித்தந்தது. நூறு வருடமாகியும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை என்பதற்கு இந்த மண்டபத்தின் இரைச்சலே சாட்சி.