மூன்றாவது பட்டன்

(புதுச்சேரி நகரில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் பேசியவர்கள் கற்றல் விளைவுகளையும் மதிப்பீட்டையும் பற்றிச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் எனக்கு வாய்த்திருக்கிறது. என்ன தலைப்பு என்று கேட்டபோது, "வீட்டுத் தொலைபேசியில் ஸ்பீட் டயல்" என்றேன். கேட்டவர் சற்று நேரம் பேசவில்லை. நம்மில் பலர் வீட்டில் வயதானவர்களை விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறோம். அதனால் பேசுகிறேன்.

2016இல் எனக்குக் காரைக்காலுக்கு மாறுதல் வந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் அம்மா தனியாக. கண் பார்வை குறைவு. செல்போனில் தடவித் தடவித் திரையைத் தேட அவரால் முடியாது. எண்களுக்கு மேலே தனியாக மூன்று பட்டன் உள்ள ஒரு தொலைபேசி வாங்கினேன். முதல் பட்டனில் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டில் பாரீசில் இருக்கும் அண்ணன். மூன்றில் நான்.

அண்ணன் எண்ணைப் பதிவு செய்யவே அரை மணி நேரம் ஆனது. அங்கே எல்லா எண்ணும் 0வில் தொடங்கும் பத்து இலக்கம். 1996 அக்டோபரிலிருந்து அப்படி. இங்கிருந்து அழைக்கும்போது 0033 போட்டு, அந்த முதல் 0வை விட்டுவிட வேண்டும். விடாமல் போட்டுவிட்டு, "அண்ணன் எடுக்கவே மாட்டேன்கிறான்" என்று கோபித்துக்கொண்ட வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. நேரமும் பார்க்க வேண்டும். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி அவர்கள் பின்னால் இருக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்குள்ளேயே சிக்கல் உண்டு. புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368, மாஹேக்கு 0490, ஏனாமுக்கு 0884. ஒரே துறை, ஒரே மாறுதல் ஆணை, நான்கு எஸ்.டி.டி. குறியீடு! என் காரைக்கால் பள்ளியின் எண்ணை அம்மாவின் டைரியில் 0413 போட்டு எழுதிவைத்திருந்தேன். நான் கணக்கு ஆசிரியர்.

2021 ஜனவரி 15ஆம் தேதி நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து தரைவழித் தொலைபேசியில் செல்போனை அழைத்தால் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆனது. புதிதாக 250 கோடி எண்களுக்கு மேல் கொடுக்க இடம் கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணம்தான். ஆனால் பட்டனில் பதிந்து வைத்த பத்து இலக்கத்துக்கு அந்த ஆணை எப்படித் தெரியும்? அன்று மாலை அம்மா பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து பேசினார்: "மூணை அழுத்தினா யாரோ ஒருத்தி பேசுறா. நான் என்ன கேட்டாலும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா." முன்னால் 0 சேர்க்கச் சொன்ன பதிவுக்குரலிடம் அம்மா வாதாடியிருக்கிறார்.

அதே ஆண்டில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தது. அதே தொலைபேசியைப் புதுப் பெட்டியின் பின்னால் செருகினோம். ரீங்காரம் கேட்டது, ஆனால் எந்த எண்ணும் போகவில்லை. கருவியின் அடியில் டி, பி என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். பி என்பது பழைய சுழற்று வட்டின் காலத்து முறை. எண்ணுக்கு ஏற்ப லைனை விட்டுவிட்டுத் துண்டிக்கும். ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கு அது புரியாது. டி பக்கம் தள்ளியதும் சரியானது.

அப்போதுதான் ஸ்பீட் டயல் எண் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, தொலைபேசிக் கருவிக்குள்ளேயே. எங்கள் வீட்டில் அப்படி; கருவியை மாற்றினால் எண்கள் போய்விடும். இரண்டு, இணையத் தொலைபேசிக்கான பெட்டிக்குள். சில வகைப் பெட்டிகளில் கணினியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 2 முதல் 9 வரை எட்டு எண்கள் எழுதிவைக்கலாம். பிறகு ஓர் இலக்கமும் # குறியும் அழுத்தினால் போதும். அங்கே எந்தக் கருவியைச் செருகினாலும் எண் அப்படியே இருக்கும். மூன்று, நிறுவனத்தின் இணைப்பகத்தில். அமெரிக்காவில் 1965இல் வந்த முதல் மின்னணு இணைப்பகத்திலேயே இந்த வசதி இருந்தது. உங்கள் வீட்டு எண்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால்தான், எதை மாற்றும்போது எது அழியும் என்பது தெரியும்.

அந்த # குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இணைப்பகத்துக்கு ஒவ்வோர் இலக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். இணையத் தொலைபேசியோ பெரும்பாலும் முழு எண்ணையும் கேட்டு முடித்த பிறகே அனுப்பும், கடிதத்தை எழுதி முடித்து உறையில் போடுவதுபோல. முடிந்துவிட்டதா என்று சில நொடிகள் காத்திருக்கும். வயதானவர்கள் அந்த அமைதியைக் கேட்டு "லைன் போகல" என்று வைத்துவிடுவார்கள். பல பெட்டிகளில் #ஐ அழுத்தினால் அந்தக் காத்திருப்பு இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஃபைபர் வந்த சில மாதங்களில் என் செல்போன் எண்ணை மாற்றினேன். பள்ளிக்குச் சொன்னேன், வங்கிக்குச் சொன்னேன், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குச் சொன்னேன். மூன்றாவது பட்டனுக்குச் சொல்லவில்லை. அதற்குள் நான் புதுச்சேரிக்கே திரும்பி வந்து அம்மாவுடன் இருந்தேன். பகலில் நான்தான் அவரை அழைப்பேன், அவர் அழைப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

2022இல் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா கூடத்தில் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. தொலைபேசியின் வயரை இழுத்துக் கருவியைக் கீழே தள்ளி, தடவிப் பார்த்து முதல் பட்டனை அழுத்தினார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கல்யாணத்தில், மண்டபச் சத்தத்தில். மூன்றாவதை அழுத்தினார். ஓர் ஆண் குரல்.

கைவிட்ட எண்ணைத் தொண்ணூறு நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. என் பழைய எண் ஓர் இளைஞரிடம் போயிருந்தது. "ராங் நம்பர்" என்று அவர் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "பாட்டி, அழாதீங்க, உங்க பொண்ணு எங்க வேலை பாக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பள்ளியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் இணையத்தில் பள்ளியின் எண்ணைத் தேடி அழைத்தார். நான் ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். இடுப்பு எலும்பு முறிவு; அறுவை சிகிச்சை; இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார்.

மறுவாரம் எட்டாம் வகுப்பில் கணக்கை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டேன். புத்தகம், போன் எதுவும் பார்க்காமல் மூன்று தொலைபேசி எண்களை எழுதுங்கள் என்றேன். மூன்றும் எழுதியவர்கள் சிலர்தான். ஒரு பையன் வெள்ளைத் தாளைக் கொடுத்தான். "அப்பாகிட்ட மட்டும்தான் மிஸ் போன் இருக்கு. அவர் வேலைக்குப் போயிட்டா வீட்ல போனே இல்ல." அவனுக்கு நான் என்ன ஸ்பீட் டயல் சொல்லித் தருவது? அடுத்த வீட்டில் யாரிடம் போன் இருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னேன். அப்பா எண்ணையும், 112ஐயும், 1098ஐயும் மனப்பாடம் செய்யவைத்தேன். இந்த இரண்டுக்கும் முன்னால் 0 வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். அந்தக் குழப்பம் ஆசிரியர் அறையிலேயே இருந்தது.

இன்னொன்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் போனது. ஃபைபர் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. அம்மாவுக்கு இது புதிது. 2011இல் தானே புயலின்போது எங்கள் தெருவில் கம்பி அறவில்லை, இருட்டிலும் தொலைபேசி வேலை செய்தது. செம்புக் கம்பி வழியாக இணைப்பகத்தின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. இப்போது மோடத்துக்கென்று ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்திருக்கிறேன், சில மணி நேரம் தாங்கும். சுவரில் பெரிய எழுத்தில் எண்களை எழுதி ஒட்டியும் இருக்கிறேன், அக்கா வந்து படித்துச் சொல்ல.

மாதத்தின் முதல் ஞாயிறு அம்மா மூன்று பட்டனையும் தானே அழுத்திப் பார்க்கிறார். நான் அருகில் உட்கார்ந்திருப்பேன், தொடமாட்டேன். அண்ணனுக்கு அது தூக்கம் கலையும் நேரமாக இருந்தால் திட்டுவான், பரவாயில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அம்மா கேட்டார்: "அந்தத் தம்பிக்கு எந்தப் பட்டன்?" பட்டன் மூன்றுதான். மெமரியையும் 4ஐயும் சேர்த்து அழுத்தினால் போகிற மாதிரி பதிந்து கொடுத்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்கிறார்கள். அந்த எண்ணை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய என் எண்தானே, முன்னால் ஒரு 0 மட்டும் சேர்த்தேன்.