சேப்பாக்கத்தில் எடுத்த 34

2011 கிரிக்கெட் உலகக் கோப்பை. சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளோடு ஆட்டம். ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தபடி நின்று 113 ரன் குவித்தார் இந்திய வீரர் யுவராஜ் சிங். அந்தத் தொடரில் மொத்தம் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. பிறகுதான் தெரிந்தது, நுரையீரல்களுக்கு நடுவே புற்றுநோய்க் கட்டி. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கீமோதெரபி. முடி கொட்டியது, உடல் தளர்ந்தது. ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

அதே ஆண்டு செப்டம்பர் 11. மறுபடியும் அதே சேப்பாக்கம், இருபது ஓவர் ஆட்டம், எதிரே நியூசிலாந்து. 26 பந்தில் 34 ரன் எடுத்தார். இந்தியா ஒரே ரன்னில் தோற்றது. இருந்தாலும் என்னைக் கேட்டால், அந்த 34-ஐ முந்தைய 113-க்கு ஒரு படி மேலேதான் வைப்பேன்.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து முதன்முதலாக மாடிப்படி ஏறிய அம்மா. ஓராண்டு படுக்கைக்குப் பிறகு வேலைக்குக் கிளம்பிய அண்ணன். கண்பட்டுவிடும் என்று அதை வாய்விட்டுச் சொல்லவே தயங்குகிறோம். எனக்கு அது வருத்தம் தருகிறது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்துகிறோம், நல்லது. வலியைத் தாங்கியவருக்கும் அன்று வீட்டில் ஒரு பாயசம் வையுங்கள், உறவினர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

யுவராஜ் 2017 ஜனவரியில் கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக 150 ரன் அடித்தார். ஒருநாள் போட்டிகளில் அவருடைய மிக உயர்ந்த ஸ்கோர் அதுதான்.