நீதியரசரும் வாக்குச் சீட்டும்



கலிபோர்னியா மாநிலத்தில் மேல்முறையீட்டு நீதிபதிகளை ஆளுநர் நியமிக்கின்றார். பின்னர் அவர்கள் மக்களின் வாக்கைப் பெறல் வேண்டும். 1934-இல் ஏற்கப்பட்ட இம்முறையில் எதிர் வேட்பாளர் இல்லை. 'இவர் நீடிக்கலாமா?' என்னும் வினாவிற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதே விடை. முழுப் பதவிக்காலம் 12 ஆண்டுகள்.

பண்ணைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த குரூஸ் ரெய்னோசோ, 1982-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஏறினார். அவர் மரபினரில் அவரே முதல்வர். 1986-இல், மரண தண்டனைத் தீர்ப்புகளைக் காட்டி நடந்த பிரசாரத்தால், தலைமை நீதிபதி ரோஸ் பேர்டு, ஜோசப் குரோடின் ஆகியோருடன் அவரும் வாக்கால் விலக்கப்பட்டார்.

பெரும்பான்மையின் சினமே அளவுகோலாயின் எளியோர்க்குப் புகலிடம் ஏது? எவருக்கும் பதில் கூறாத நீதியும் நமக்கு அந்நியமே. ஆகவே வாக்குரிமையோடு சட்ட அறிவையும் பெறுவோம். தீர்ப்பைப் படித்தே எடையிடுவோம்.