நம்ம ஸ்லாட்



நான் புதுப்பட்டினத்துக்காரன். இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில் என்று சென்னைக்குப் போய்ப் பொறியியல் படித்தவன். சொந்த ஊர் மண்ணில் பட்டமளிப்பு மேடை ஏறுவது எனக்குப் பெரிய பேறு. என் தொழிலைப் பற்றிக் கல்லூரி முதல்வர் நிறையச் சொல்லிவிட்டார். பழுது பார்ப்பவனாகத் தொடங்கினேன், பிறகு ஆலைகளுக்கான அளவீட்டுக் கார்டுகளை வடிவமைத்தேன் என்பதோடு அதை விட்டுவிடலாம். இந்தப் பைக்குள் இருப்பதைத்தான் உங்களுக்குக் காட்ட வந்தேன்.

இரண்டு கார்டுகள். பின்வரிசைக்குத் தெரிகிறதா? இரண்டும் செய்வது ஒரே வேலை, கணினிக்கு ஒரு சீரியல் போர்ட்டைச் சேர்ப்பது. இடது கையில் இருப்பது பழைய ஏடி பஸ்ஸுக்கானது. வலது கையில் இருப்பது மைக்ரோ சேனல் பஸ்ஸுக்கானது. பொறியாளனாக என்னைக் கேட்டால் வலது கையில் இருப்பதே சிறந்த வடிவமைப்பு. ஆனால் அந்தப் பஸ் இன்று எந்தப் புதுக் கணினியிலும் இல்லை. ஏன் என்பதுதான் என் பேச்சு.

மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை இணைத்து ஓடும் கம்பித்தடங்களும், அந்தத் தடங்களில் யார், எப்போது, எந்த வேகத்தில் பேசலாம் என்ற விதிகளும் சேர்ந்ததுதான் பஸ். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பஸ்பார் என்ற சொல் உங்கள் வீட்டில் புழங்கியிருக்கும். அதன் வேர் ஆம்னிபஸ். கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறதே ஆம்னி பஸ், அதே சொல்தான். லத்தீன் மொழியில் அதற்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் முதல் பிசியை அறிவித்தது. உள்ளே 5 ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் 62 முனைகள். ஒரு தடவைக்கு 8 பிட் போகும். அந்த இயந்திரத்துக்காக ஒரு தொழில்நுட்பக் கையேட்டையும் அந்த நிறுவனம் விற்றது. மின்சுற்று வரைபடம் முழுவதும் அதில் இருந்தது, பயாஸ் நிரலும் வரிக்கு வரி இருந்தது. அதை வாங்கிப் படித்த யாரும் அந்த ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு செய்யலாம். உலகம் முழுக்கச் செய்தார்கள். 1984-இல் அடுத்த மாடலான ஏடி வந்தபோது பழைய ஸ்லாட்டுக்குப் பின்னால் 36 முனைகளைக் கூட்டி அதை 16 பிட் ஆக்கினார்கள். பழைய கார்டுகளில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தின.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நண்பன் ஒருவன் அந்தக் கையேட்டை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்தான். ஜெராக்ஸ் எடுக்கக் கையில் காசு இல்லை. விடுதி அறையில் உட்கார்ந்து ஸ்லாட்டின் 62 முனைகளையும் நோட்டில் கையால் வரைந்தோம், ஏ பக்கம் 31, பி பக்கம் 31. பி3-இல் 5 வோல்ட், ஏ2 முதல் ஏ9 வரை டேட்டா. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த இரண்டு இரவுகள் எனக்கு நான்கு வருடப் படிப்புக்குச் சமம். கடலோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு, உலகின் மிகப்பெரிய கணினி நிறுவனம் தன் இயந்திரத்தின் உள்ளே என்ன ஓடுகிறது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது போல இருந்தது.

அந்தப் பஸ்ஸில் குறைகள் உண்டு. கார்டில் இருக்கும் ஜம்பர்களைக் கையால் பிடுங்கி மாற்றித்தான் முகவரியையும், செயலியின் கவனத்தைக் கேட்கும் தடமான இன்டரப்ட்டையும் ஒதுக்க வேண்டும். இரண்டு கார்டுகள் ஒரே இன்டரப்ட் தடத்தைக் கேட்டால் இரண்டில் ஒன்று, சில நேரம் இரண்டுமே, வேலை செய்யாது. பாதி நாள் அதிலேயே போகும்.

1987 ஏப்ரல் 2 அன்று, நான் கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசையை அறிவித்தது. அதில் மாடல் 50, 60, 80 ஆகியவற்றில் மைக்ரோ சேனல் வந்தது. 32 பிட் வரை, 10 மெகாஹெர்ட்ஸ். இன்டரப்ட் தடத்தைப் பல கார்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் ஒரு கார்டே பஸ்ஸைக் கையில் எடுத்துத் தரவை நகர்த்தலாம். ஜம்பர் கிடையாது. ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு, இயந்திரமே அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும். அந்த விவரக்குறிப்பை முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை.

ஆனால் பழைய கார்டு ஒன்றுகூட அதில் நுழையாது. முனைகளின் இடைவெளியே பாதியாகிவிட்டது. மற்றவர்கள் அதே பஸ்ஸோடு கணினி செய்ய வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும். விற்பனையில் 5 விழுக்காடு வரை கட்டணம் என்றார்கள், முன்பு செய்த நகல் கணினிகளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். 1988 செப்டம்பரில் காம்பாக், எச்பி, எப்சன், என்இசி, ஒலிவெட்டி உள்ளிட்ட 9 நிறுவனங்கள் கூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் 32 பிட் பஸ் ஒன்றை அறிவித்தன. அதன் பெயர் ஈசா. பழைய ஏடி பஸ்ஸுக்கு ஐசா என்ற பெயர் அமைந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

நம் நாட்டுக் கதை வேறு. ஐபிஎம் 1978-இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது, டாடாவோடு சேர்ந்து திரும்பி வந்தது 1992-இல். நடுவில் 1984 நவம்பரில் புதிய கணினிக் கொள்கை வந்தது, இறக்குமதிக் கெடுபிடிகள் தளர்ந்தன. எச்சிஎல், விப்ரோ என்று பலரும் பிசி செய்தார்கள். சென்னையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பிசி’ விற்றது. ஐபிஎம் இல்லாத நாட்டில் ஐபிஎம் பிசியின் வாரிசுகள் பெருகின. அந்தப் பஸ்ஸின் விதிகள் ஊரறிந்தவையாக இருந்ததால்தான் அது முடிந்தது. என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்களின் வீட்டில் உலை கொதித்தது அந்த 62 முனைகளால்தான்.

1991-இல் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஒரு மைக்ரோ சேனல் கணினியைக் கொண்டுவந்து கணக்கெல்லாம் அதில் வைத்திருந்தார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டால் திரையில் 161 என்ற எண் மட்டும் நிற்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். புதிது வாங்கிப் போட்டேன். ஆனால் பேட்டரி தீர்ந்தபோது எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு என்ற நினைவும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. திரும்பச் சொல்லிக்கொடுக்க, கணினியோடு வந்த ஒரு ஃப்ளாப்பி வேண்டும். அது வேறு எங்கும் விற்பனைக்குக் கிடைக்காது. அலமாரியைக் குடைந்து எடுத்துக்கொடுத்தார்கள். சென்னை ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து, ஃப்ளாப்பி படிக்க முடியாதபடி ஆகியிருந்தது.

ஜனவரி கடைசி. சம்பளப் பட்டியல் முழுக்க உள்ளே. ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, மின்சாரம் சரியாக வருகிறது, எல்லாம் நலம். ஆனாலும் திறக்க முடியவில்லை. சாவி தொலைந்த பீரோவின் முன்னால் நிற்பது போல நின்றேன். அந்த அலுவலகக் கணக்காளர் வயதானவர். “உள்ளே இருக்கு இல்லையா தம்பி, போயிடலையே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளேதான் இருக்கிறது ஐயா என்றேன். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பதினோரு நாள் தேடினேன். பெங்களூரில் ஒருவரிடம் அதே வகைக் கணினி இருப்பதாகத் தெரிந்தது. அவர் ஃப்ளாப்பியை நகலெடுத்து இரவுப் பேருந்தில் பார்சலாக அனுப்பினார். போட்டேன், இயந்திரம் எழுந்தது. ஆனால் அதில் இருந்த சீரியல் கார்டு வேறு ஒரு நிறுவனம் செய்தது. அதன் அடையாள எண்ணுக்கு உரிய கோப்பு அந்த ஃப்ளாப்பியில் இல்லை. கோப்பு இல்லாமல் கார்டைச் சேர்க்க முடியாது. கழற்றிவிட்டுத்தான் கணினியை ஓட்ட முடிந்தது. சம்பளம் போட்டார்கள். பிரின்டர் அந்தக் கார்டின் வழியாக இணைந்திருந்தது, அதனால் பட்டியலைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதினார்கள்.

கழற்றிய கார்டை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் அந்தச் சந்துகளில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை என்று இருந்த காலம். எனக்கு வழக்கமான கடை ஒன்று உண்டு. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்லூரி வாசல் மிதிக்காதவர். எந்தக் கார்டில் எந்த ஜம்பர் எதற்கு என்று அவருக்கு மனப்பாடம். “இன்டரப்ட் நாலு இடிக்குதா, மூணுல போடுங்க” என்று போனிலேயே நோய் தீர்ப்பார். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பற்களை விரலால் தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, “தம்பி, இது நம்ம ஸ்லாட் இல்லை” என்றார்.

அந்தச் சொல் இன்றும் காதில் இருக்கிறது. அவர் ஐபிஎம்மில் வேலை பார்த்தவர் இல்லை. ஆனால் ஐபிஎம் செய்த பழைய ஸ்லாட் அவருக்கு ‘நம்ம’ ஸ்லாட். யாரோ கையேடு எழுதினார்கள், யாரோ அதைப் பார்த்து வரைந்தார்கள், அது கை மாறிக் கை மாறி அந்தச் சந்து வரை வந்து, அவருக்குச் சொத்தாகிவிட்டது. ஜம்பர்களோடு மல்லுக்கட்டியதாலேயே அந்தத் தெரு முழுக்க ஆசிரியர்கள் உருவானார்கள். அந்தப் பழைய பஸ்ஸைவிடச் சிறந்த பஸ் அவரிடம் வந்தபோது, அது யாரோ ஒருவருடையதாக இருந்தது. அதனால் அவரால் அதற்கு உதவ முடியவில்லை.

தம்பிகளே, சரியான வடிவமைப்பு தோற்றது என்று இதை நான் சொல்லவில்லை. மைக்ரோ சேனலின் கருத்துகள் சாகவே இல்லை. 1992-இல் இன்டெல் பிசிஐ பஸ்ஸைக் கொண்டுவந்தது. அதிலும் இன்டரப்ட்டைப் பகிரலாம், கார்டு தன்னை அடையாளம் சொல்லும், கார்டே பஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம். விதிகளைப் பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு குழுவிடம் ஒப்படைத்தார்கள், எல்லோரும் அதில் கார்டு செய்தார்கள். ஐபிஎம்மும் அதற்கே மாறியது. 2012-இல் லினக்ஸ் கெர்னலிலிருந்து மைக்ரோ சேனலுக்கான நிரல் நீக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனது கனத்தது. நல்ல பொறியாளர்கள் இரவு பகலாகச் செய்த வேலை அது. பூட்டிவைக்காமல் இருந்திருந்தால் இந்தப் பந்தலில் எல்லோருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்கும்.

இந்தப் பூட்டின் கதையைச் சொல்ல நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை, பிரான்சின் ரப்சோடி உலையைத் தழுவி வடிவமைக்கப்பட்டது. அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அது வெளியிலிருந்து கிடைக்கவில்லை. நம்மவர்கள் புளுட்டோனியம் கார்பைடு 70 விழுக்காடு, யுரேனியம் கார்பைடு 30 விழுக்காடு சேர்த்துப் புதிய எரிபொருளையே உருவாக்கினார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை உயிர்பெற்றது. நான் அப்போது மாணவன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது டீக்கடையில் அதுவே பேச்சு. அடுத்தவர் கையில் மட்டும் இருக்கும் சாவியை நம்பி நிற்பது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் முன்மாதிரி வேக ஈனுலைக்கான கட்டுப்பாட்டுக் கணினிகளை அவர்கள் விஎம்இ பஸ்ஸில் அமைத்தார்கள். 1981-இல் மோட்டோரோலா உள்ளிட்ட நிறுவனங்கள் பொதுவில் விட்ட பஸ் அது. ஐஇஇஇ அதைத் தரமாக ஏற்றது 1987-இல், மைக்ரோ சேனல் பிறந்த அதே ஆண்டு.

அப்படிப் பொதுவில் விட்டது இன்றும் நம் அருகில் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள், யாரும் எடுத்தாளக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் அமைந்தவை. அவற்றில் ஒரு சில்லு 2018-இல் சண்டிகரை அடுத்த மொகாலியிலேயே தயாரானது. உங்களில் மின்னணுவியல் படித்தவர்கள் அவற்றின் ஆவணங்களை இன்றிரவே இறக்கிப் படிக்கலாம். எனக்கு இரவலில் இரண்டு நாள் கிடைத்தது உங்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

நாளை வேலைக்குப் போவீர்கள். ஒரு சர்க்யூட்டோ ஒரு நிரலோ ஒரு பம்பு செட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ செய்வீர்கள். நீங்கள் வேறு ஊருக்குப் போன பிறகு அதைத் திறந்து பார்க்கப்போகிற ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதி வையுங்கள். எந்தக் கம்பி எதற்கு, ஏன் இந்த மதிப்பு, எது போனால் எதை மாற்றலாம் என்று எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள். என் நிறுவனத்தில் வரைபடமும் பழுது நீக்கும் குறிப்பும் இல்லாமல் ஒரு கார்டும் வெளியே போகாது. வாடிக்கையாளர் வேறு ஆளிடம் போய்ச் சரிசெய்துகொள்வாரே என்று கேட்டவர்கள் உண்டு. சரிசெய்துகொள்ளட்டும். அந்த ஆளுக்கும் வீடு இருக்கிறது.

இந்த இரண்டு கார்டுகளையும் உங்கள் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். வலது கையில் இருப்பது அன்று ரிச்சி தெருவில் திருப்பிக் கொடுக்கப்பட்ட அதே கார்டுதான், அலுவலகத்தார் எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதற்குரிய கோப்பு ஏழு ஆண்டு கழித்துக் கிடைத்தது. அதை அச்செடுத்து, அடையாள எண்ணையும் எழுதி, கார்டோடு உறையில் வைத்திருக்கிறேன். விடுதி அறையில் வரைந்த 62 முனை நோட்டும் அதே உறையில் இருக்கிறது. விழா முடிந்ததும் துறைத்தலைவரிடம் கேட்டு எடுத்துப் பாருங்கள். நான் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன்.