வேறுபாட்டின் பயன்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



காரியக் கமிட்டியார் இன்று இச்சபையின் முன்னர் ஒரு தீர்மானத்தை வைத்திருக்கின்றனர். நம்மவர் இல்லங்களில் நிகழும் விவாகம் எல்லா ஊர்களிலும் ஒரே முறையாய் நடைபெறல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஓரூரில் புரோகிதரை வைத்து அக்கினி வளர்த்து ஏழடி நடக்கின்றனர். மற்றோரூரில் குலத்து மூத்தார் தாலியை எடுத்துக் கொடுக்க மணம் முடிகின்றது. பிறிதோரூரில் அறிஞர் ஒருவரைத் தலைமை வகிக்கச் செய்து மணமக்கள் மாலை மாற்றிக்கொள்கின்றனர். இவ்வேறுபாடுகளால் நமது ஒற்றுமை குலைகின்றது என்பது தீர்மானத்தைக் கொணர்ந்த அன்பர்களின் கருத்து. அவர்களுடைய நல்லெண்ணத்தில் நமக்கு ஐயம் சிறிதுமில்லை. ஆயினும் வேறுபாடு என்பது களையா, பயிரா என்பதைத் தெளிந்த பின்னரன்றோ களைக்கொட்டைக் கையிலெடுத்தல் வேண்டும்? ஆதலின் பயிர் நூல், சட்டம், கணிப்பொறி நூல் ஆகிய மூன்று துறைகளும் இது குறித்து யாது கூறுகின்றன என்பதைச் சுருக்கிச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் பயிரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்து தேசத்து ஏழை மக்கள் உருளைக்கிழங்கை உண்டே உயிர் வாழ்ந்தனர். விளைச்சல் மிகுதி பற்றி, லம்பர் என்னும் ஓரினத்தையே அவர்கள் பெரும்பாலும் பயிரிட்டனர். உருளைக்கிழங்கு, கிழங்கையே நட்டு விளைவிக்கப்படுவது; ஆகவே ஓரினத்துச் செடிகள் யாவும் இயல்பில் ஒரே செடியேயாம். 1845-ஆம் ஆண்டில் ஒருவகைக் கருகல் நோய் அத்தேசத்தை அடைந்தது. ஒரு செடியைக் கொல்ல வல்ல நோய் எல்லாச் செடிகளையும் கொல்ல வல்லதாயிற்று. அதனைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். ஏறக்குறைய அத்துணைப்பேர் பிறந்த நாட்டை விட்டுக் கப்பலேறினர். ஆட்சியாளரின் அசட்டையும் நிலவுடைமைக் கொடுமையும் இத்துயரைப் பெருக்கின என்பது உண்மையே. எனினும் நாடெங்கும் ஓரினமே நின்றது நோய்க்குத் திறந்த வாயிலாயிற்று.

இனி நெல்லுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் தேசத்து லாஸ் பான்யோஸ் என்னும் ஊரிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1966-இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டனர். ஆசியாவின் வயல்களில் அதுவும் அதன் வழிவந்த இனங்களும் விரைவிற் பரவின. சில ஆண்டுகளுக்குள் ஒரு நச்சுநோய் தோன்றிற்று. நம் குடியானவர் புகையான் என்றழைக்கும் பூச்சியே அதனைப் பரப்புவது. நோய் கண்ட பயிர் குட்டையாகிப் புல்லைப்போல் கிளைத்துக் கதிரின்றிப் போகும். நிலையத்தார் தம் களஞ்சியத்திலிருந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தனர். அவற்றுள் அந்நோயை எதிர்த்து நின்றது ஒரேயொரு மாதிரிதான். அது நம் நாட்டு உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட, நிவரா என்னும் காட்டு நெல். விளைச்சலும் அற்பம்; மணியும் தானே உதிர்ந்து போவது. எந்த உழவனும் தன் வயலில் விரும்பி வையான். அப்புல்லின் தற்காப்புக் குணத்தை விளைநெல்லிற் சேர்த்து 1974 முதல் புதிய இனங்களை வெளியிட்டனர். 1976-இல் வெளிவந்த ஐ.ஆர்.36 என்னும் புகழ்பெற்ற நெல்லும் அக்குணத்தைத் தாங்கியதே. பயனற்றதென்று ஒதுக்கிய புல், பல கோடி மக்களின் சோற்றைக் காத்தது.

நமது கோயம்புத்தூரிலும் இத்தகைய அற்புதம் நிகழ்ந்ததுண்டு. 1912-இல் நிறுவப்பெற்ற அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கோணாமணி என்னும் நெல்லினிடையே தானாகவே மாறித் தோன்றிய ஒரு பயிரைக் கண்டு பேணி, ஜி.இ.பி.24 என்று பெயரிட்டு 1921-இல் வழங்கினர். மெல்லிய அரிசியால் பெயர்பெற்ற அது பிற்காலத்து நல்லினங்கள் பலவற்றுக்கு முன்னோராயிற்று. வரிசையில் ஒவ்வாது நின்றதென்று அதனை அன்றே பிடுங்கி எறிந்திருந்தால் நட்டம் யாருக்கு? களர் நிலத்திற் பிழைக்கும் களர்ப்பாலையையும் வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானத்தையும் இன்றும் ஒரு குதிரில் வைத்துக் காப்பவர், நாளைய மக்களின் சொத்துக்குக் காவலராவர்.

இரண்டாவது சட்டம். விதவை புத்திர சுவீகாரம் செய்யலாமா என்பது பண்டை இந்து தர்ம சாஸ்திரத்தில் பெரு விவாதத்துக்குரிய விஷயம். கணவன் சம்மதமின்றிப் பெண் புத்திரனை ஏற்றலாகாது என்னும் கருத்துடைய வசிஷ்டரின் வாக்கியம் ஒன்றே. அதற்கு எழுந்த பொருளோ நான்கு. மிதிலையார், சுவீகார காலத்திலேயே கணவன் சம்மதம் வேண்டுமாதலின் விதவைக்கு அவ்வுரிமை அறவே இல்லையென்றனர். வங்கத்தார், கணவன் உயிரோடிருக்குங்கால் அனுமதி தந்திருந்தாற் போதுமென்றனர். தென்னாட்டார், அவ்வனுமதி இல்லாவிடினும் நெருங்கிய ஞாதிகளின் சம்மதத்தால் ஏற்கலாமென்றனர். மராட்டிய நாட்டார், அவ்வாக்கியம் கணவன் உள்ள பெண்ணுக்கே உரியதாகலின் விதவைக்கு எவர் அனுமதியும் வேண்டாவென்றனர். இராமநாதபுரம் ஜமீன் சம்பந்தமான வழக்கில் 1868-இல் பிரிவி கவுன்சிலார் தென்னாட்டு முறையையே ஏற்று, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தினும் வலியது என்று தீர்ப்பளித்தனர். பின்னர் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் விதவை தன் சொந்த உரிமையிலேயே சுவீகாரம் செய்யலாமென்று நாடு முழுமைக்கும் விதித்தது. நான்கு கிளைகளுள் விரிந்த கிளை எதுவோ, அதன் திசையிலேயே முழு மரமும் பிற்காலத்தில் வளர்ந்தது.

பெண்மக்களின் சொத்துரிமையும் இவ்வாறே வளர்ந்தது. 1956-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரவில்லை. ஆந்திரம் 1986-இல் சட்டமியற்றி அவ்வுரிமையைத் தந்தது. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் 25 முதல் வழங்கலாயிற்று. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் பின்பற்றின. கேரளமோ கூட்டுக் குடும்ப முறையையே நீக்கிவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. குறித்த அந்நாளுக்கு முன்னரே மணமான பெண்களுக்கு அதனால் பயனில்லை. ராஜ்யங்கள் தனித்தனியே செய்துகண்ட இச்சோதனைகளுக்குப் பின்னர், 2005 செப்டம்பர் 9 முதல் இந்திய தேசச் சட்டமே மணமானவர், ஆகாதவர் என்னும் பேதமின்றி மகளை மகனுக்குச் சமமாக்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கியது. எல்லா ராஜ்யங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாளாவிருந்திருப்பின் இந்நன்மை என்று விளைந்திருக்கும்?

மூன்றாவது கணிப்பொறி நூல். மென்பொருள் அமைப்போர் வெவ்வேறு ஆலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தனித்தனியே முதலிலிருந்து எழுதிக்கொண்டிருத்தல் இயலாது. பலவற்றைத் தனித்தனியே ஆராயுமுன் அவற்றுக்குப் பொதுவானவற்றை ஆராய்வது பயன்தருமாயின், அவற்றை ஒரு குடும்பமாகக் கருதுக என்று 1976-இல் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் விளக்கினார். 1990-இல் அமெரிக்க தேசத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையத்தினின்று காங் முதலியோர் இதனை ஒரு மரப்படமாக வரையும் முறையை வெளியிட்டனர். மோட்டார் வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள். இயந்திரம் கட்டாயம், பல்சக்கரம் மாற்றுவது கையாலா, தானாகவா என்பது இரண்டிலொன்று, குளிர்சாதனம் விருப்பம்போல், ஆனால் குளிர்சாதனம் வேண்டின் இயந்திரத்துக்கு அதற்கேற்ற வலிமை வேண்டும். இவ்வாறு கட்டாயம், இரண்டிலொன்று, விருப்பம், நிபந்தனை என நான்காக வகுத்துவிட்டால் வேறுபாடு குழப்பமாகாது, திட்டமாகிவிடும்.

இப்படி வகுக்காவிடின் நேரும் இடரையும் அவர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒன்றையொன்று சாராத, வைக்கவோ விடவோ கூடிய அம்சங்கள் 33 இருப்பின், அவற்றாலாகும் உருவங்கள் 858 கோடிக்கு மேல். அஃதாவது இன்றைய உலக மக்கள்தொகையினும் மிகுதி. அத்தனையையும் சோதிப்பார் யார்? ஆகவே வேறுபாட்டை அழித்தலும் தவறு. வரம்பின்றி விடுதலும் தவறு. எவ்விடத்தில் மாறலாம், எவ்விடத்தில் மாறலாகாது என்று முன்னரே குறித்தலே அறிவுடைமை.

அன்பர்களே! இம்மூன்றையும் மனத்திற்கொண்டு நம் தீர்மானத்தை மீண்டும் நோக்குவோம். 1955-ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் மணமக்கள் இருவருள் எவரேனும் ஒருவரது வழக்கச் சடங்கின்படி மணம் செய்யலாமென்கின்றது. 1967-இல் அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை கொணர்ந்த திருத்தம், உற்றார் நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றதாகக் கூறினும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளினும், தாலி கட்டினும் அம்மணம் செல்லும் என்கின்றது. இஃது ஏறக்குறைய அம்மென்பொருளார் வரைந்த மரப்படமேயன்றோ? சடங்கு விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் மணமகளுக்கு 18 வயதும் மணமகனுக்கு 21 வயதும் நிரம்பியிருத்தல் கட்டாயம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விவாகத்தைப் பதிவு செய்தலும் கட்டாயம். வரதட்சணை வாங்குதலும் கொடுத்தலும் 1961 முதல் குற்றம். இவற்றில் ஊருக்கு ஊர் மாறுபட இடமில்லை.

நாமோ இதனைத் தலைகீழாகச் செய்ய முற்படுகின்றோம். எவருக்கும் தீங்கு செய்யாத சடங்கில் ஒருமைப்பாடு கேட்கின்றோம்; ஒருமைப்பாடு வேண்டிய இடத்தில் ‘வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு’ என்று வாயை மூடிக்கொள்கின்றோம். மணமாகிப் போன மகளைப் பதிவுக் கச்சேரிக்கு வரவழைத்து, ‘நம் குலத்தில் பெண் பங்கு கேட்கும் வழக்கமில்லை’ என்று சொல்லி, அண்ணன் தம்பியர் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குதலை நம்மில் யார் கண்டிலர்? அவள் மறுத்தால் பிறந்த வீட்டின் கதவு அடைபட்டுவிடும் என்று அஞ்சிக் கையொப்பமிடுகின்றாள். வழக்கம் என்பது நெடுங்காலம் இடையறாது கைக்கொண்டதாயும், நியாயத்துக்கும் பொது நன்மைக்கும் முரணாகாததாயும் இருந்தாலன்றி விவாகச் சட்டமே அதனை வழக்கமென ஏலாது. பிறந்த மகளின் உரிமையைப் பறிப்பது எந்த நியாயத்திற் சேரும்?

ஆதலின் தீர்மானத்தைப் பின்வருமாறு திருத்துமாறு சபையாரை வேண்டுகின்றோம். ஒன்று: விவாகச் சடங்கு அந்தந்தக் குடும்பத்தாரின், சிறப்பாக மணமக்களின், விருப்பத்துக்கு விடப்படுக. இரண்டு: மணமக்களின் மனமொத்த சம்மதம், சட்டப்படியான வயது, பதிவு, வரதட்சணை மறுப்பு, மகளுக்குச் சமபங்கு ஆகிய ஐந்தும் நம் சங்கத்தார் அனைவருக்கும் பொதுவிதியாகுக, மகளிடம் வற்புறுத்தி விடுதலைப் பத்திரம் வாங்குவோர் சங்கத்தில் பதவி வகித்தலாகாது. மூன்று: ஊர்தோறும் உள்ள மணமுறைகளையும், பாட்டிமார் நினைவிலுள்ள சடங்குப் பாடல்களையும், குதிர்களில் எஞ்சியுள்ள நெல் வகைகளையும் இளைஞர்கள் எழுதிச் சேகரித்து இப்பத்திரிகைக்கு அனுப்புக. மறைந்துபோன பின்னர் வருந்திப் பயனில்லை.

ஒற்றுமை வேறு, ஒரேவகைமை வேறு. ஒரே கிழங்கை நட்ட தேசம் பட்டினியால் அழிந்தது; ஒருவரும் வேண்டாத காட்டு நெல்லையும் களஞ்சியத்தில் வைத்துக் காத்தமையால் பல தேசங்கள் பிழைத்தன. நம் வீட்டுக் கல்யாணப் பந்தல்கள் பலவகையாக இருக்கட்டும். அப்பந்தல்களின் கீழ் நிற்கும் பெண்ணின் உரிமை மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றாயிருக்கட்டும்.